பெர்மிட் கேட்டவள் வீட்டில் மட்டும் வெயில்

எங்கள் தெருவில் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தால் வீட்டுக்கு வீடு பின்புறத்தில் கூரை. மரத்தில் போட்டவர்கள் உண்டு, அலுமினியத்தில் போட்டவர்கள் உண்டு, கடையில் சாமான் வாங்கி வந்து மச்சினனைத் துணைக்கு வைத்துக்கொண்டு ரெண்டு சனி ஞாயிறில் தாமே நிறுத்தியவர்களும் உண்டு. பெர்மிட் எடுத்தீர்களா என்று கேட்டால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு நிழலில் உட்கார்ந்து சோளம் சுடுகிறார்கள். நான் ஒருத்திதான் நகர அலுவலகத்துக்குப் போய், படிவம் நிரப்பி, பணம் கட்டி, முறையாகக் கேட்டேன். என் வீட்டில் மட்டும்தான் இன்னும் வெயில் அடிக்கிறது.

நான் என்ன தப்பு செய்தேன்? யாராவது சொல்லுங்களேன்.

நாங்கள் இருப்பது கலிபோர்னியாவில், சாக்ரமென்டோவை ஒட்டிய ஒரு சின்ன ஊர். சான் பிரான்சிஸ்கோவில் ஜூலை மாதம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிவார்கள். காரில் இரண்டு மணி நேரம் உள்ளே தள்ளி வந்தால் இங்கே 100 டிகிரி ஃபாரன்ஹீட் சர்வசாதாரணம். 105, 108 என்று ஏறும் நாள்களும் உண்டு. சாயங்காலம் ஆற்று முகத்துவாரப் பக்கமிருந்து ஒரு காற்று வரும், 'டெல்டா காற்று' என்பார்கள். தஞ்சாவூர்க்காரரான என் அப்பாவுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரே குஷி. ஆனால் அது வருவதற்குள் வீடு வெந்துவிடும். எங்கள் வீட்டுப் பின்பக்கம் மேற்குப் பார்த்தது. மத்தியானம் கண்ணாடிக் கதவில் விழ ஆரம்பிக்கிற வெயில் ராத்திரி எட்டு மணி வரைக்கும் நகராது. கான்கிரீட் தரையில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. பையனுக்கு வாங்கிய பிளாஸ்டிக் சறுக்கு ஒரே கோடையில் வெளுத்து விரிசல் விட்டது. ஏசி மூச்சு விடாமல் ஓடுகிறது, கரன்ட் பில்லைப் பார்த்தால் எனக்கு மூச்சு நிற்கிறது.

ஆகவே 20 அடி நீளம், 12 அடி அகலத்தில் ஒரு அலுமினியக் கூரை. ஒரு பக்கம் வீட்டுச் சுவரில் பிடித்துக்கொள்ளும், மறுபக்கம் நாலு தூண். இங்கே பேட்டியோ கவர் என்பார்கள். வீடு கட்டப் போகவில்லை, மாடி எழுப்பப் போகவில்லை. ஒரு தாழ்வாரம். அவ்வளவுதான்.

விதி எதற்கு என்று கேட்கிற ஆள் இல்லை நான். அப்பா பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஏரிக் கரையும் மதகும் கட்டிய கை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தபோது, தனக்கும் அந்தக் கட்டடத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாவிட்டாலும், டிவி முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். இங்கேயும் ஒன்றும் குறைவில்லை. 2015 ஜூன் 16 அதிகாலையில் பெர்க்லியில் ஐந்தாம் மாடி பால்கனி ஒன்று பிய்ந்து தொங்கி ஆறு இளைஞர்கள் செத்தார்கள். பிறந்தநாள் கொண்டாட வந்த பிள்ளைகள். தண்ணீர் இறங்கி உள்ளே மரம் உளுத்துப் போயிருந்தது, வெளியே தெரியவில்லை. அதற்கப்புறம்தான் அடுக்குமாடி பால்கனிகளைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று 2018-இல் இந்த மாநிலம் சட்டம் போட்டது. சுவரோடு சேர்த்துக் கட்டுகிற கூரையைக் காற்று தூக்கினால் சுவரையும் சேர்த்துப் பிய்க்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்டுப் போனேன். பயந்து போகவில்லை, நம்பிப் போனேன்.

முதலில் மாட்டியது கான்ட்ராக்டரிடம். லைசென்ஸ் உள்ளவர், நல்ல பேச்சு. இந்த மாநிலத்தில் வீட்டு வேலைக்கு வாங்குகிற முன்பணம் ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. ஆள் அந்தச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். ஒப்பந்தத்துக்கு 1,000 டாலர் கச்சிதமாக வாங்கினார். கூடவே 'இன்ஜினியரிங்' என்று தனி பில் ஒன்று, அதற்கு முழுப் பணமும் முன்கூட்டியே. அது வேறு கணக்காம், முன்பணத்தில் சேராதாம். வீடு என் பெயரில், செக் என் பெயரில், கேள்வி கேட்டவள் நான். பதில் மின்னஞ்சல் மட்டும் என் கணவர் பெயருக்கு வரும். அவருக்குத் தூணுக்கும் துடைப்பத்துக்கும் வித்தியாசம் தெரியாது, பாவம்.

பணம் கட்டிச் சில வாரம் கழித்து இன்ஜினியர் முத்திரை போட்ட வரைபடம் வந்தது. வட்ட முத்திரை, கையெழுத்து, லைசென்ஸ் நம்பர், எல்லாம் லட்சணமாக. அப்பா அப்போது எங்களோடு இருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். இரண்டாவது தாளில் நின்றுவிட்டார்.

"ஏம்மா, இது யார் வீடு?"

இரண்டாவது தாளின் மூலையில் இருந்தது வேறு யாரோ ஒருவருடைய முகவரி. வேறு ஊர், வேறு தெரு, வேறு குடும்பம். அதோடு முடிந்ததா? பனிச் சுமை என்று ஒரு பெரிய எண் போட்டிருந்தது. தாஹோ ஏரிப் பக்கம் மலைமேல் ஆள் உயரத்துக்குப் பனி குவியும். அங்கே கூரைக்கு அந்தக் கணக்கு வேண்டும். எங்கள் ஊர் பள்ளத்தாக்கில் இருக்கிறது. இங்கே பனி கொட்டினால் செய்தித்தாளில் போட்டோ போடுவார்கள். மலைவீட்டுக்குப் போட்ட கணக்கை அப்படியே நகலெடுத்து, முதல் தாளில் மட்டும் என் முகவரியை மாற்றி, முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறார் அந்தப் புண்ணியவான். அந்தப் பனிக்குத் தக்கபடி அஸ்திவாரமும்: ஒவ்வொரு தூணுக்கும் மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில் குழி. 27 கன அடி கான்கிரீட். ஒரு குழிக்கு ஏறக்குறைய 4,000 பவுண்டு எடை. நாலு குழி.

அப்பா ஒரு காகிதத்தை எடுத்தார். கூரை 240 சதுர அடி. பாதிச் சுமை வீட்டுச் சுவர் வாங்கிக்கொள்ளும், மீதி 120 சதுர அடிக்கு உண்டானது தூண்களுக்கு. பேட்டியோ கவருக்கு விதி கேட்கிற குறைந்தபட்சச் சுமை சதுர அடிக்கு 10 பவுண்டு. அலுமினியத்தின் சொந்த எடை 2 பவுண்டு என்று தாராளமாக வைத்தாலும் மொத்தம் 1,440. நடுத் தூணுக்குக் கொஞ்சம் கூட வரும், 500 பவுண்டை ஒட்டி. "காத்து தூக்கும், அதுக்கு நங்கூரம் ஒழுங்கா வேணும். அதை விட்டுட்டு இந்த மூணடிக் குழி எதுக்கு? கோபுரமா கட்டறீங்க?" என்றார்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? விதிப் புத்தகமே அப்பா பக்கம்தான். அமெரிக்கா முழுக்க மாதிரியாக வைத்திருக்கிற குடியிருப்புக் கட்டட விதியில் பேட்டியோ கவருக்கென்றே தனிப் பின்னிணைப்பு இருக்கிறது. உயரம் 12 அடிக்குள், ஒரே தளம். நிலம் உறைந்து இறுகாத ஊர் என்றால், மூன்றரை அங்குலத் தடிமனுள்ள கான்கிரீட் தரையிலேயே தூணை நிறுத்தலாம், தனி அஸ்திவாரம் வேண்டாம். ஒரு தூணில் இறங்குகிற சுமை 750 பவுண்டைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். எழுதியவர்கள் யாரோ புத்தி உள்ளவர்கள். ஒரு குடும்பம் நிழலுக்காகப் போடுகிற கூரைக்கு எவ்வளவு கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை அச்செடுத்து நீட்டினால் கவுன்டரில் இருந்தவர் கேட்டது ஒன்றுதான்: "இந்தக் கணக்கைப் போட்டது கலிபோர்னியா லைசென்ஸ் உள்ள இன்ஜினியரா?"

இல்லை. அப்பா போட்டது. அப்பாவின் கையெழுத்து இங்கே செல்லாது. சரி, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். வந்தவன் போனவனெல்லாம் கணக்குப் போட்டுக் கையெழுத்து வைத்தால் ஊர் தாங்காது. ஆனால் செல்லுகிற கையெழுத்து வைத்தவர் என் வீட்டை ஒருமுறைகூடப் பார்த்ததில்லையே! எங்கள் ஊரில் பனி விழுமா என்றுகூட அவருக்குத் தெரியவில்லையே! வீட்டைப் பார்த்து, தரையைத் தட்டி, சுவரை அளந்து சரியான கணக்குப் போட்டவர் சோபாவில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். யாரோ ஒருவர் வீட்டு முகவரியோடு மலைப் பனியை அனுப்பி வைத்தவருடைய முத்திரைக்கு வரிசையில் நின்று பணம் கட்ட வேண்டும். இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அதுவும் தானாகத் திருத்தித் தந்தாரா? இல்லை. முகவரியைத் திருத்துவதற்கு 'ரிவிஷன்' கட்டணமாம். யார் செய்த பிழைக்கு யார் பணம் கட்டுவது? கான்ட்ராக்டரைக் கேட்டால், "ஸ்டாம்ப் இருக்கில்ல, சிட்டியில குடுங்க, பாத்துக்கலாம்" என்கிறார். கொடுத்தோம். நகரம் அந்த வேலையை வெளியே ஒரு கன்சல்டன்சிக்குக் கொடுத்திருக்கிறது. வரைபடத்தைப் பார்ப்பவர் எங்கே இருக்கிறாரோ, கடவுளுக்கே வெளிச்சம். திருத்தப் பட்டியல் வந்தது. முகவரி தப்பு, பனிச் சுமை தப்பு. எங்களுக்குத் தெரிந்ததுதான். பணம் கட்டித் திருத்தி அனுப்பினோம். மறுபடி பட்டியல்: சுவரில் பிடிக்கிற கட்டை எதில் பிடிக்கிறது என்று காட்டு. காட்டினோம். மறுபடி பட்டியல்: வேலியிலிருந்து எத்தனை அடி, பின்பக்கம் மின்சாரக் கம்பெனிக்கும் குழாய்க்கும் விட்டிருக்கிற துண்டு நிலம் எங்கே என்று காட்டு. மெகா சீரியல் மாதிரி ஒவ்வொரு தாளின் முடிவிலும் 'தொடரும்'.

அடுத்தடுத்த பட்டியலில் கேட்டது எதுவும் புதிதாக முளைத்ததில்லை. முதல் நாள் கொடுத்த அதே வரைபடத்தில் எல்லாம் இருந்தது, அல்லது இல்லாமல் இருந்தது. முதல் நாளே பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். ஒவ்வொரு பட்டியலுக்கு நடுவிலும் வாரங்கள். ஒவ்வொரு வாரமும் வெயில். போன் பண்ணினால், "உங்கள் கோப்பைப் பார்க்கிறவர் மாறிவிட்டார், முன்னால் பார்த்தவர் எதைப் பார்த்தார் என்று எங்களுக்குத் தெரியாது" என்கிறார்கள். கோபப்படாமல், குரல் உயராமல், மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். அந்த மரியாதைதான் வயிற்றெரிச்சல். திட்டினாலாவது திருப்பித் திட்டலாம்.

சுவருக்குள்ளே என்ன இருக்கிறது, கூரைச் சட்டம் எத்தனை அடிக்கு ஒன்று என்று கேட்டார்களே, அதற்காக எங்கள் வீட்டின் மூல வரைபடத்தைத் தேடிப் போன கதை தனி. அது நகர ஆவணப் பிரிவில் பத்திரமாக இருக்கிறது. என் வீடு. என் பணம். முப்பது வருஷத்துக்குக் கட்ட வேண்டிய கடன் என் தலையில். ஆனால் கலிபோர்னியாவின் சுகாதார, பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 19851-ஆம் பிரிவின்படி அந்தப் படத்தை நான் கண்ணால் பார்க்கலாம். நகல் எடுக்க வேண்டுமென்றால் அதில் கையெழுத்திட்ட ஆர்க்கிடெக்ட் அல்லது இன்ஜினியர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். அந்த மனிதரை எங்கே தேட? வீட்டைக் கட்டிய பில்டர் 2008-இல் வீட்டுச் சந்தை சரிந்தபோதே கடையை மூடிவிட்டுப் போய்விட்டான்.

கவுன்டர்ப் பெண் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். நல்ல பெண். "போட்டோ எடுக்க வேண்டாம், ப்ளீஸ்" என்றாள். அப்பா மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். நான் கைப்பையைத் துழாவினேன், காகிதம் இல்லை. காய்கறி வாங்கிய ரசீதைக் கொடுத்தேன். அதன் பின்பக்கம் பேனாவை வைத்து அழுத்தி எழுதினார்: சட்டம் இரண்டடிக்கு ஒன்று, இறவாணம் இவ்வளவு நீட்டம், சுவர்க்கட்டை இந்த அளவு. எழுத எழுத ரசீது கிழிந்தது. நடுவில் அந்தப் பெண் வேறு வேலையாக எழுந்தாள். அப்பா சட்டென்று நிமிர்ந்து ரசீதை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் மடக்கினார். ஊரில் நாலு தாலுகா அவர் வரைந்த படத்தைப் பார்த்து மதகு கட்டியது. வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் கேட்டார்: "நம்ம வீட்டுப் படத்தை நாமளே பாக்கறதுக்கு ஏம்மா இப்படித் திருட்டு முழி முழிக்கணும்?"

அந்த ரசீதுக் குறிப்பைக் கொண்டு திருத்தி அனுப்பிய தாளுக்கு வந்த பதில்: கையால் எடுத்த குறிப்பு ஏற்கத்தக்கதல்ல, இன்ஜினியர் நேரில் வந்து பார்த்து உறுதிசெய்ய வேண்டும். நேரில் வருவதற்குத் தனிக் கட்டணம் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இதற்கு நடுவில் கொட்டகை வேறு. பழைய வீட்டுக்காரர் பின்மூலையில் 10 அடிக்கு 14 அடியில் ஒரு மரக் கொட்டகை போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். புல்வெட்டியும் பழைய சைக்கிளும் கிடக்கிற இடம். மனை வரைபடத்தில் ஒளிவுமறைவில்லாமல் அதையும் வரைந்து கொடுத்தோம். 140 சதுர அடி. நாட்டின் மாதிரி விதியில் 200 சதுர அடி வரைக்கும் தனிக் கொட்டகைக்குப் பெர்மிட் வேண்டாம். கலிபோர்னியாவில் அந்த வரம்பு 120. ஆகவே கொட்டகைக்கு ஒரு பெர்மிட் எடு, இல்லை இடித்துத் தள்ளு. அது முடியாமல் கூரைக்கு அனுமதி இல்லை. மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. உண்மையை வரைந்தோம், மாட்டிக்கொண்டோம்.

அந்தக் கொட்டகையை என் கணவரும் பையனுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரித்துப் போட்டார்கள். சைக்கிள் இப்போது ஹாலில் நிற்கிறது.

எச்ஓஏ பற்றிச் சொல்லாவிட்டால் கதை முழுசாகாது. குடியிருப்போர் சங்கம், மாதாமாதம் சந்தா வாங்குகிற சங்கம். வீட்டின் வெளிப்புறத்தில் ஆணி அடிப்பதற்கும் அவர்களுடைய கமிட்டி சம்மதிக்க வேண்டும். அந்தக் கமிட்டி நியாயமாகவும் தாமதமில்லாமலும் முடிவு சொல்ல வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று மாநிலச் சட்டம் இருக்கிறது. இவர்கள் மறுக்கவே இல்லையே! மறுத்தால்தானே காரணம் எழுத வேண்டும்? 'முழுமையடையவில்லை' என்று திருப்பி அனுப்புகிறார்கள். முத்திரை போட்ட வரைபடம் கொண்டுவா, அப்புறம் பார்க்கிறோம். கொண்டுபோனால், வெள்ளை நிறம் ஆகாது, ஜன்னல் ஓரத்து நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும். நிறத்தை மாற்றினால் வரைபடத்தில் மாற்ற வேண்டும். வரைபடத்தில் மாற்றினால் ரிவிஷன் கட்டணம். எங்களுக்கு இடதுபக்கத்து வீட்டில் பளீரென்று வெள்ளைக் கூரை. கமிட்டித் தலைவர் அந்த வீட்டு பார்பிக்யூவுக்கு வந்து போகிறார், என் கண்ணாலேயே பார்த்தேன்.

கட்டணத்தைப் பற்றிப் புலம்பக் கூடாது என்று நினைத்தேன். ரசீதில் சில வரிகள் எனக்குப் பிடித்துக்கூட இருந்தன. நிலநடுக்கத்தை அளக்கிற கருவிகளை மாநிலம் முழுக்க நிறுத்தி வைப்பதற்காக வீட்டு வேலையின் மதிப்பில் 1,00,000 டாலருக்கு 13 டாலர் வீதம் எடுக்கிறார்கள். என் கூரைக்கு 2 டாலர் 60 சென்ட். சந்தோஷமாகக் கட்டினேன், எங்கேயோ மலையடிவாரத்தில் ஒரு கருவியில் என் இரண்டு டாலர் இருக்கட்டும். கழிவறைத் தொட்டி எவ்வளவு தண்ணீர் விடுகிறது என்றுகூட ஒரு படிவம் உண்டு. 1994 ஜனவரி 1 வரைக்கும் கட்டிய வீடுகளுக்கு அது பொருந்தும், என் வீடு அதற்குப் பின்னால் கட்டியது, பிழைத்தேன். இதெல்லாம் பரவாயில்லை. கூரையைவிடக் கூரைக்கான காகிதத்துக்கு அதிகம் செலவாகும் போலிருக்கிறதே என்கிற பயம்தான் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் ராத்திரி எல்லாத் தாளையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்து, பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் படித்தேன். கான்ட்ராக்டர் ஒப்பந்தத்தில்: அனுமதி கிடைப்பதில் ஏற்படும் தாமதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல. இன்ஜினியர் வரைபடத்தில்: எல்லா அளவுகளையும் கான்ட்ராக்டர் தளத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். எச்ஓஏ கடிதத்தில்: கட்டுமானத்தின் உறுதியை நாங்கள் பார்ப்பதில்லை. நகரத்தின் படிவத்தில்: இந்த அனுமதி விதிமீறல் எதற்குமான அனுமதி ஆகாது. நாலு பேர். நாலு பேரும் பணம் வாங்கியவர்கள். நாலு பேரும் கையெழுத்துப் போட்ட கையோடு கையைக் கழுவியிருக்கிறார்கள். கடைசியில் கூரை விழுந்தால் யார் பொறுப்பு? நான். வீட்டை விற்கப் போனால், பெர்மிட் இல்லாமல் ஏதாவது கட்டியிருக்கிறாயா என்று இந்த மாநிலத்தில் விற்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கேயும் கையெழுத்து நான். பொறுப்பு முழுக்க என் தலையில் என்றால், என் வீட்டு வரைபடத்தை நகலெடுக்கிற உரிமைகூட எனக்கு ஏன் இல்லை?

இலையுதிர் காலத்தில் கடிதம் வந்தது. அதைப் படித்த நாளில்தான் உண்மையிலேயே உடைந்தேன். விண்ணப்பம் கொடுத்து 180 நாளுக்குள் அனுமதி வாங்காததால் அது கைவிடப்பட்டதாகக் கருதப்படுகிறதாம். கைவிடப்பட்டது! யார் கைவிட்டது? பட்டியலுக்குப் பட்டியல் பதில் எழுதியவள் நான். ரசீதுக்குப் பின்னால் அளவு எழுதியவர் என் அப்பா. கொட்டகையை இடித்தது என் புருஷனும் பிள்ளையும். என் கோப்பு உங்கள் மேஜையில் தூங்கிய நாளையும் என் கணக்கில் சேர்த்து 180 என்று எண்ணினீர்களே! விதியை எடுத்துப் படித்தேன். விண்ணப்பதாரர் நல்லெண்ணத்தோடு தொடர்ந்து முயன்றுகொண்டிருந்தால் அதைக் கைவிடப்பட்டதாகக் கொள்ளக் கூடாது என்று அதே வாக்கியத்தில் இருக்கிறது. முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு எனக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். நான் முயன்றதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கட்டிய பணத்துக்கெல்லாம் ரசீது வைத்திருக்கிறேன்.

முறையிட்டேன். பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். பரிசீலித்து முடிப்பதற்குள் வருஷம் திரும்பிவிட்டது. அதில் என்ன என்கிறீர்களா? கலிபோர்னியா கட்டட விதிகள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாறும். 2022 பதிப்பு 2025 டிசம்பரோடு முடிந்தது. 2026 ஜனவரி 1 முதல் புதிய பதிப்பு. பழைய விண்ணப்பம் உயிரோடு இருந்திருந்தால் பழைய விதியே போதும். அதுதான் 'கைவிடப்பட்டதே'! புது விண்ணப்பம், புது விதி. என் வரைபடத்தில் ஒவ்வொரு தாளிலும் 2022 என்று அச்சடித்திருக்கிறது. இன்ஜினியர் ஆபீசுக்குப் போன் போட்டேன். புதுப் பதிப்புக்கு மாற்றித் தர முடியும், ஆனால் அது ரிவிஷனில் சேராதாம். புது வேலையாம்.

அப்பா அக்டோபரிலேயே ஊருக்குப் போய்விட்டார். விசிட்டர் விசா ஆறு மாதம். மேற்கு வெயிலில் பின்பக்கம் உட்கார முடியாமல், கோடை பூராவும் திரைச்சீலை போட்ட அறைக்குள் ஏசியில் அடைந்து கிடந்துவிட்டுப் போனார். இப்போது வாரத்துக்கொரு முறை வீடியோவில் கேட்கிறார், "என்னம்மா, பாஸ் ஆச்சா?" பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக் கேட்ட அதே குரல்.

போன வாரம் கவுன்டரில் மனசு விட்டுக் கத்திவிட்டேன். கத்தினேன் என்றால் தமிழ்நாட்டுக் கத்தல் இல்லை, இந்த ஊர் அளவுக்குக் கத்தல். என் தெரு முழுக்கப் பெர்மிட் இல்லாத கூரை இருக்கிறதே, கேட்க நாதி உண்டா என்றேன். அந்த அதிகாரி சாந்தமாக ஒரு படிவத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். புகார்ப் படிவம். "முகவரி எழுதிக் கொடுங்கள், ஆள் அனுப்பிப் பார்க்கிறோம். உங்கள் பெயர் வெளியே வராது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வந்தது என் கூரைக்கு ஐயா, அவர்கள் கூரையைப் பிடுங்க இல்லை. இடதுபக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயது, அந்த வெள்ளைக் கூரைக்குக் கீழேதான் பொழுதைக் கழிக்கிறாள். அவளைக் காட்டிக் கொடுத்தால் மறுநாளே ஆள் வருவார். என் தூணுக்கு எத்தனை பவுண்டு என்று பார்க்க மட்டும் உங்களுக்கு ஆள் இல்லையா? படிவத்தைத் திருப்பித் தள்ளிவிட்டேன்.

புது விண்ணப்பத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது. கட்டாமல் என்ன செய்ய? கூடவே ஒரு கடிதமும் இணைத்திருக்கிறேன். இந்த முறை என் வரைபடத்தை எடுப்பவர் யாராக இருந்தாலும் முழுசாகப் பாருங்கள், குறை எத்தனை இருந்தாலும் முதல் தாளிலேயே எழுதுங்கள், நூறு இருந்தாலும் எழுதுங்கள், நான் திருத்தித் தருகிறேன். அந்தத் தாளின் அடியில் உங்கள் பெயரைப் போட்டுக் கையெழுத்தும் போடுங்கள்.